கல்லறைக்குக் காவல், கோட்டைக்குக் கருவேலம்

கடலோரக் கோட்டைகள் – 11: பழவேற்காடு

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைச் சென்ற இதழில் பார்த்து முடித்தோம். அதற்குத் தாய்வீடு என்று சொல்லத்தக்க ஊர் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனி முதலில் எழுப்பிய கோட்டை அங்கேதான் நின்றது. சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் வாங்கப்பட்ட 1639-ஆம் ஆண்டில் பழவேற்காட்டுக் கோட்டைக்கு வயது 26. அப்போது இந்தக் கரையில் ‘கம்பெனி’ என்றால் ஆங்கிலேயர் நினைவுக்கு வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போகும் வழி எளிது. சென்னை மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் மீஞ்சூர், அதை அடுத்து அனுப்பம்பட்டு, அதை அடுத்துப் பொன்னேரி. அனுப்பம்பட்டில் இறங்கி உறவினர் வீட்டில் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. நேரே பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடிப்பவர்கள் பொன்னேரியில் இறங்குவார்கள். வயலும் உப்பு மண்ணும் மாறி மாறி வரும் சாலை. வழியில் திருப்பாலைவனத்துச் சிவன் கோயில் இருக்கிறது. சோழர் காலத்து ஊர். நேரம் இருப்பவர்கள் தவறவிட வேண்டாம்.

இந்தத் தொடரில் கோட்டை பார்க்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டில் கோட்டை இல்லை. நீர் தேங்கிய அகழி இருக்கிறது. அகழிக்குள்ளே மேடு இருக்கிறது. மேடு முழுக்கச் சீமைக்கருவேலம். செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் காலில் இடறும். தொல்லியல் துறையின் பலகை இருப்பதால்தான் இது கோட்டை நின்ற இடம் என்று தெரிகிறது. ஆடுகளுக்கு அந்தப் பலகை பற்றிக் கவலை இல்லை. ஆனால் இந்தக் கோட்டையில் வேலை பார்த்துச் செத்தவர்களின் கல்லறைகள் மதிலோடும் வாயிலோடும் நிற்கின்றன. கட்டடம் போய்ப் பிணக்காடு மிஞ்சிய ஊர் என்று முரட்டுத்தனமாகச் சொன்னாலும் பொய்யாகாது.

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

டச்சுக்காரர்கள் 1605-இல் மசூலிப்பட்டினத்தில் கால் வைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியது கிழக்கிந்தியத் தீவுகளின் ஜாதிக்காய், கிராம்பு, மிளகு. அந்தத் தீவுகளில் வெள்ளியை நீட்டினால் வியாபாரிகள் அவ்வளவாக அசையவில்லை. சோழமண்டலத்துத் துணியைக் காட்டினால் அசைந்தார்கள். பல தலைமுறைகளாகத் தமிழ், தெலுங்கு, மரைக்காயர் வணிகர்கள் கொண்டுபோய்ப் பழக்கிய துணி அது. வெறும் கப்பலோடு வந்த டச்சுக்காரர்களுக்கு விஷயம் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1612-இல் ஹெண்ட்ரிக் பிரவுவர் என்ற அதிகாரி ஜாதிக்காய் விளையும் மலுக்குத் தீவுகளுக்கு இடக்கை போன்றது சோழமண்டலம் என்று மேலிடத்துக்கு எழுதினார். துணி இல்லாமல் ஜாதிக்காய் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

மசூலிப்பட்டினம் கோல்கொண்டா சுல்தானின் ஊர். அங்கே அதிகாரிகளின் தொல்லை அதிகம். தெற்கே, விஜயநகரத்தின் மிச்சத்தை ஆண்டுகொண்டிருந்த வேங்கடபதி ராயரிடம் 1610-இல் அனுமதி வாங்கினார்கள். பழவேற்காடு அவருடைய அரசியருள் ஒருவரின் பொறுப்பில் இருந்த ஊர். அருகே சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியர்களுக்கு இது வயிற்றெரிச்சல். பழவேற்காட்டில் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு நூற்றாண்டுத் தொடர்பு இருந்தது. மகிமை மாதா கோயில் அவர்கள் காலத்தில் தொடங்கியதுதான். 1612-இல் சாந்தோமிலிருந்து படையெடுத்து வந்து டச்சுப் பண்டகசாலையை அழித்தார்கள். அடி வாங்கியவர்கள் அடுத்த ஆண்டே கோட்டையாக எழுந்து நின்றார்கள். தலைமை இயக்குநர் வெம்மர் வான் பெர்கெம் ஹெல்டர்லாந்து மாகாணத்துக்காரர். ஊர்ப் பாசத்தில் கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்.

கோட்டை எழுந்த மறு ஆண்டு, 1614-இல், வேங்கடபதி ராயர் இறந்தார். அதற்குப் பிறகு நடந்த வாரிசுச் சண்டை தென்னிந்திய வரலாற்றின் மிகக் கொடூரமான குடும்பக் கொலைகளில் ஒன்று. கொப்பூரி ஜக்கராயன் புதிய அரசரையும் அவர் குடும்பத்தையும் வெட்டிச் சாய்த்தான்; ஒரே ஓர் இளவரசனை யாச்சம நாயக்கரின் ஆட்கள் மறைத்துக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் செத்தான். இதையெல்லாம் எழுதினால் தனித் தொடராகும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நாட்டை ஆள்கிறவன் யார் என்று தெரியாத அந்த ஆண்டுகளில், அகழியும் பீரங்கியும் வைத்திருந்த வெளிநாட்டு வியாபாரி நிலைத்துவிட்டான்.

அடுத்த முக்கால் நூற்றாண்டு பழவேற்காடு டச்சுச் சோழமண்டலத்தின் தலைநகர். ஊரில் நாணயச்சாலை, கம்பெனியின் மூன்றெழுத்துச் சின்னம் போட்ட செப்புக் காசு அங்கே அடிக்கப்பட்டது. (அந்த மூன்று எழுத்து வி.ஓ.சி. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு அதே எழுத்துகளைத் தலைப்பாக வைத்திருந்த நம்மவர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து சுதேசிக் கப்பல் விட்டார். சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு.) வெடிமருந்து ஆலை இருந்தது. இங்கே செய்த மருந்து கீழைக் கடலில் டச்சுக் கப்பல்களுக்குப் போயிற்று. பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். முகத்துவாரம் வழியாகப் படகுகள் துணி மூட்டையை ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டிப் போகும். அந்தப் படகுகளைச் செலுத்தியவர்கள் இந்தக் கரைக்காரர்கள்தான். எந்தக் கல்லிலும் அவர்கள் பெயர் கிடையாது.

துணி வாங்கிய முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டச்சுக்காரன் நேரே தறிக்குப் போகவில்லை. நடுவே செட்டியார்கள் இருந்தார்கள். அவர்களில் பெரியவர் மலையா என்று டச்சு ஏடுகள் குறிப்பிடும் அச்சுதப்ப செட்டி, 1634-இல் இறந்தார். அவருக்குப் பின் தம்பி சின்னண்ணா. துணிக்குத் தரகு என்பது அவர்களின் ஒரு முகம் மட்டுமே. சொந்தமாகக் கப்பல் விட்டார்கள், வரிக் குத்தகை எடுத்தார்கள், நாயக்கர்களின் சண்டையில் படையோடு கலந்துகொண்டார்கள். கம்பெனி அவர்களை வைத்து நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுக்கும். எந்த அளவு, எந்தக் கட்டம், எந்தச் சிவப்பு என்று மாதிரி போகும். சிவப்புக்கு இம்பூறல் வேர். முன்பணம் வாங்கிய நெசவாளி வேறு யாருக்கும் நெய்ய முடியாது. பஞ்சு விலை ஏறினால் நட்டம் அவன் தலையில். துணி மட்டம் என்று கழித்தாலும் அவன் தலையில். கிழக்கே மலாய் நாடுகளில் பழவேற்காட்டுப் பெயராலேயே இன்றும் கைலி விற்கிறது. அந்தக் கைலியை நெய்தவனின் பெயர் கணக்குப் புத்தகத்தில் கடன் பத்தியில்தான் இருந்திருக்கும்.

இப்போது கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். கடைத்தெருப் பக்கம் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். இரும்புக் கதவுக்கு இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் ஆளுயரத்துக்குக் கிட்டத்தட்ட நிற்கின்றன. ஒன்றன் தலை மேல் மணல் கடிகாரம். மற்றொன்று மண்டையோட்டோடு நிற்கிறது. விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம், அப்படிச் செதுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பியத் தேவாலயங்களில் பழகிப்போன சங்கதிதான் இது: உன் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, நீயும் இப்படித்தான் ஆவாய். இங்கே அந்தப் பொம்மைகளைப் பார்த்துச் சிறுவர்கள் பயப்படுவதில்லை. செல்பி எடுக்கிறார்கள்.

உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரை நீள்கின்றன. தரையோடு படுத்த பலகைக் கற்கள், கூம்பாக எழுந்த தூண்கள், விதானம் வைத்த மண்டபங்கள் என்று பலவகை. பலகைக் கல்லின் தலைமாட்டில் குடும்பச் சின்னம்: தலைக்கவசம், கேடயம், சுற்றிலும் இலைக்கொடி. அதற்குக் கீழே இன்னார், இந்தப் பதவி, இந்த ஊரில் பிறந்தார், இந்தத் தேதியில் இறந்தார் என்று டச்சு மொழியில் எழுத்து. முந்நூற்றைம்பது மழைக்காலம் பார்த்த எழுத்தை விரலால் தடவிப் படிக்க முடிகிறது. கல்தச்சன் வேலை அப்படி. பெரிய வணிகர், கோட்டை அதிகாரி, அவர் மனைவி, சில மாதக் குழந்தை எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பதவி பார்த்து வரவில்லை.

1897-இல் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். இந்தக் கற்களையும் படமாக வரைந்து பதிப்பித்தார். 1905-இல் ஜூலியன் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளையெல்லாம் பட்டியலிட்டார். கவனியுங்கள்: கல்லறைக்கு இத்தனை பேர் வந்தார்கள், அளந்தார்கள், வரைந்தார்கள். அதனால்தான் கல்லறைத் தோட்டத்துக்கு வேலியும் காவலும் உண்டு. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கற்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்குப் பழவேற்காடு என்றால் நாடு விட்டு வந்து செத்த கனவான்களின் சோகக் கதையாகத்தான் மனத்தில் பதியும். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் இதே ஊரிலிருந்து வேறொரு சரக்கும் போயிற்று. மனிதச் சரக்கு.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1619-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவில் பதாவியா நகரத்தை, இன்றைய ஜகார்த்தாவை, நிறுவினார்கள். 1621-இல் ஆளுநர் யான் பீட்டர்சன் கூன் பண்டா தீவுகள் மீது படையெடுத்து, ஜாதிக்காய் விளைவித்த அந்த மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் தீவுகளை ஏறக்குறைய காலி செய்தார். தோட்டம் இருக்கிறது, மரம் இருக்கிறது, காய் பறிக்க ஆள் இல்லை. நகரம் கட்டவும் ஆள் வேண்டும். அந்த நேரத்தில் இங்கே சோழமண்டலத்தில் பஞ்சம். 1622–23-இல் பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் ஏறத்தாழ 1,900 அடிமைகள் ஏற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகும் மழை பொய்த்த போதெல்லாம், படை ஊருக்குள் புகுந்த போதெல்லாம் இந்தக் கொள்முதல் சூடு பிடித்தது. நல்ல மழை பெய்தால் சரக்கு குறைந்தது. பஞ்சமும் ஏற்றுமதியும் இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்கியதை ஆராய்ச்சியாளர்கள் கம்பெனியின் கடிதங்களிலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

விற்றவர்கள் யார்? பசியில் பிள்ளையை விற்ற தாய் தகப்பன் உண்டு. தன்னையே விற்றுக்கொண்டவன் உண்டு. பிடித்துக்கொண்டு வந்து விற்ற தரகர்களும் உண்டு. அந்தத் தரகர்கள் நம்மவர்கள். இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் பாதிக் கதைதான். வாங்கியவன் கம்பெனிக்காரன், கணக்கில் துணிப் பொதிக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு வரி. அவர்கள் கடைசியாகப் பார்த்த சொந்த மண் இந்த முகத்துவாரத்து மணல்திட்டு. போய்ச் சேர்ந்தவர்கள் அங்கேயே கலந்து போனார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது அந்த அழகான கற்களுக்கு எதிரே இந்தப் பெயரில்லாதவர்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம் எழுத எனக்குள்ள காரணம். வாங்கியவனுக்குக் கல் இருக்கிறது. விற்கப்பட்டவனுக்கு இல்லை. தொல்லியல் துறை நட்ட பலகையிலும் அவன் இல்லை.

நியாயத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே கோட்டையில்தான் ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் பத்து ஆண்டுகள் ஊழியம் பார்த்தார். பத்மநாபன் என்ற பிராமணரை உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருப்பார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி போர்ச்சுகீசியம். இன்றைக்கு நினைத்துப் பாருங்கள்: பழவேற்காட்டில், ஏரிக் காற்றில், ஒரு டச்சுக்காரரும் ஒரு பிராமணரும் போர்ச்சுகீசிய மொழியில் வேதம், சாதி, நோன்பு, கோயில் திருவிழா, மறுபிறவி பற்றியெல்லாம் பேசுகிறார்கள். பாதிரியார் குறித்துக்கொள்கிறார். கண்டனம் செய்வதற்காகக் கேட்கத் தொடங்கியவர் போகப் போகத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார் என்றே அந்த நூலைப் படித்தவர்களுக்குத் தோன்றும்.

ரோஜேரியஸ் ஊர் திரும்பி 1649-இல் இறந்தார். அவர் மனைவி 1651-இல் லைடன் நகரத்தில் நூலை அச்சேற்றினார். மறைந்து கிடந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்ற பொருளில் தலைப்பு. அதன் பின்னிணைப்பில் பர்த்ருஹரியின் சதகங்களிலிருந்து டச்சு மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் வடமொழி இலக்கியம் அது. காதலைப் பாடும் சிருங்கார சதகம் மட்டும் விடுபட்டுப் போயிற்று. ஜெர்மானிய மொழியிலும் பிரெஞ்சிலும் அந்த நூல் விரைவில் வந்தது. வடமொழியை மேல்நாட்டுக்கு அறிமுகப்படுத்தியவர்கள் என்றதும் கல்கத்தாவையும் வில்லியம் ஜோன்ஸையும் சொல்கிறோம். வில்கின்ஸின் கீதை மொழிபெயர்ப்பு வந்தது 1785-இல். பழவேற்காட்டுப் பேச்சு அதற்கு 134 ஆண்டுகள் முன்னாலேயே புத்தகமாகிவிட்டது. இந்த ஊரில் பத்மநாபன் பெயருக்கு ஒரு தெரு வைத்தால்கூடத் தகும்.

கோட்டை எப்படிப் போயிற்று என்பது சுருக்கமான கதை. 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1690-இல் தலைமையகத்தை அங்கே மாற்றிக்கொண்டார்கள். வடக்கே மொகலாயர் கோல்கொண்டாவை விழுங்கிவிட்டிருந்தார்கள். தெற்கேதான் வியாபாரம் என்று தோன்றியது. ஐரோப்பாவில் டச்சு–ஆங்கிலச் சண்டை மூண்டதும் 1781-இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினம், பழவேற்காடு இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். பழவேற்காடு திரும்பி வந்தது. 1795-இல் மறுபடி போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1818-இல் ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது டச்சுக்காரர்களுக்குக் கிடைத்தது மேடும் அகழியும் கல்லறையும்தான். 1825-இல் அதையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

பழவேற்காட்டில் கோட்டை எழுந்த காலத்தையொட்டி உலகின் மறுகோடியில் பிறந்த ஊர் ஒன்றோடு ஒப்பிடத் தோன்றுகிறது. கனடாவின் கியூபெக். பிரெஞ்சுக்காரர் ஷாம்ப்ளேன் அதை நிறுவியது 1608-இல். பழவேற்காட்டில் டச்சு அனுமதிக்கு இரண்டு ஆண்டு முன்னால். 1759-இல் அதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1871-இல் ஆங்கிலப் படை அங்கிருந்து வெளியேறியதும் ஊர்க்காரர்களே மதிலை இடித்துச் சாலை போட வேண்டும் என்று நின்றார்கள். அப்போது கனடாவின் தலைமை ஆளுநராக இருந்த டஃபரின் பிரபு தடுத்தார். மதில் இருக்கட்டும், வாயில்களை மட்டும் அகலமாக்கிக் கட்டுவோம் என்றார். மதில் பிழைத்தது. இன்று வட அமெரிக்காவில், மெக்சிகோவுக்கு வடக்கே, மதிலோடு நிற்கும் நகரம் அது ஒன்றுதான். 1985-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. ஊருக்குள் அருங்காட்சியகங்கள், பூர்வகுடிகளின் கதையும் அவற்றில் உண்டு. அந்த டஃபரின் பிரபுதான் 1884 முதல் 1888 வரை நம்முடைய வைஸ்ராய். அவர் இங்கே வந்தபோது காப்பாற்றுவதற்குப் பழவேற்காட்டில் மதில் மிச்சமில்லை. அவருக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு முன்பே அவருடைய நாட்டுக்காரர்கள் வேலையை முடித்துவிட்டிருந்தார்கள்.

கல்லறையும் அகழியும் மட்டும் பழவேற்காடு ஆகிவிடாது. டச்சுக்காரன் வருவதற்கு முன்பே இருந்த ஊர் இது. மதினாவிலிருந்து கலீபாவுக்குப் பணிய மறுத்துப் படகேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று இங்குள்ள மரைக்காயர் குடும்பங்கள் தங்கள் பூர்விகத்தைச் சொல்கின்றன. பெரிய பள்ளிவாசலையும் சின்னப் பள்ளிவாசலையும் பாருங்கள். சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்க நிழல் கடிகாரம் ஒன்று உண்டு. வெயில் இருக்கும்போது போனால் உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் சமயீஸ்வரர் கோயிலும் செம்பாறைக் கல்லில் கட்டியவை. மகிமை மாதா கோயிலின் பழைய கட்டடம் இப்போது இல்லை; அந்த இடத்தில் புதியது நிற்கிறது. பாலத்தைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் போனால் ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல்.

குப்பங்களுக்குப் போனால் வேறொரு பழமை உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்களுக்கும் ஏரியில் ‘பாடு’ உரிமை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் ஓடும் இடங்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கட்டுக் கணக்குப்படி வீட்டுக்கு ஒரு பங்கு. இன்று நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளை சுமாரான இடம். எழுதிய சட்டம் கிடையாது. கிராமப் பஞ்சாயத்துச் சொல்தான் சட்டம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதே போன்ற முறை, இதே பெயரில் இருக்கிறது. பாடு இல்லாத மற்றச் சாதியினருக்கும் ஊர்களுக்கும் இதில் மனத்தாங்கல் உண்டு. நியாயமான மனத்தாங்கல்தான், முறை பழமையானது என்பதாலேயே அது சமத்துவமாகிவிடாது. ஆனால் நெசவாளியை முன்பணத்தில் கட்டிப்போட்ட கம்பெனிக் கணக்கையும், இறாலை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் இந்தக் கணக்கையும் ஒரே நாளில் ஒரே ஊரில் பார்க்கக் கிடைப்பது சாதாரணமல்ல.

முகத்துவாரம் மணல் மூடினால் இறால் உள்ளே வராது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். கப்பலும் துறைமுகமும் வந்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்ற கேள்வி இந்தக் கரையில் 1610-இல் தொடங்கியது. குப்பத்துக் கூட்டங்களில் இன்றும் அதுதான் பேச்சு.

சென்னைக் கோட்டைக்குள் 1948-லிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களின் டேன்ஸ்பர்க் கோட்டைக்குள்ளேயே மாநிலத் தொல்லியல் துறை ஒன்றை நடத்துகிறது. இரண்டையும்விட மூத்த கோட்டையின் ஊருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல. பெரிய கட்டடம் தேவையில்லை. நான்கு அறை போதும். ஒரு தறி, இம்பூறல் வேரில் தோய்த்த ஒரு துணி, கம்பெனிக் காசு, பாடு வலை, ரோஜேரியஸ் நூலின் ஒரு படி, ஒரு சுவரில் 1622–23-இல் இங்கிருந்து ஏற்றப்பட்டவர்களின் கணக்கு. கல்லறை எழுத்துகளுக்குத் தமிழில் விளக்கப் பலகை. அதைப் படித்துச் சொல்ல இந்த ஊர்ப் பிள்ளைகளிலேயே நான்கு பேருக்கு வேலை. கல்லறைக்குக் காவல் போட்ட துறைக்கு இது முடியாத காரியமல்ல.

போகிற வாசகர்களுக்கு: மார்கழி, தை மாதங்கள் நல்லவை, பூநாரைகளும் வந்திருக்கும். படகில் ஏறினால் பாதுகாப்புச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லறைக் கல்லின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள், பெயரைக் கீறாதீர்கள். பழவேற்காடு, பொன்னேரி, அனுப்பம்பட்டுப் பக்கத்து வீடுகளில் பழைய அரபுத் தமிழ்ச் சுவடி, டச்சுக் காசு, கைலி வியாபாரத்துக் கணக்கேடு ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாமல் தொடரின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். படமெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். அடுத்த இதழில் நாகப்பட்டினம்.